தோளுக்கு ஓர் உயரம், மணிக்கட்டுக்கு ஓர் உயரம்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் உள்ள ஓர் அழைப்பிதழ்க் கடைக்குத் திருமணப் பத்திரிகைகள் வடிவமைத்துத் தருகிறேன். பிள்ளையார், குத்துவிளக்கு, மயில், வாழைமரம் எல்லாமே வளைகோடுகள்தான். ஒரு தோகை முடிவதற்குள் நூற்றுக்கணக்கான புள்ளிகளை மவுஸால் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். தை மாத முகூர்த்தங்களுக்கான வேலை முழுவதும் கார்த்திகையில் வந்து குவியும். போன கார்த்திகையில் வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் வலி தொடங்கியது. இட்லிப் பானை மூடியைத் தூக்கும்போது அந்த இடம் சுரீர் என்றது. அதைப் பொறுத்துக்கொண்டேன். சில நாளில் சுண்டுவிரல் மரத்துப்போகத் தொடங்கியதும் பயந்துவிட்டேன்.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்ப்பவர் இரண்டையும் பிரித்துச் சொன்னார். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் பக்கம் மரக்கும். சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிரவிரலின் பாதியும் மரத்தால் முழங்கையின் உட்புறத்தில் ஓடும் நரம்பைப் பார்க்க வேண்டும். அந்த நரம்பைத்தான் நான் அழுத்திக்கொண்டிருந்தேன். கை சோர்ந்தபோதெல்லாம் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டிருந்தேன். வெளிப்பக்க வலி வேறு. மவுஸின் மேல் விரல்களைத் தூக்கிப் பிடித்தே வைத்திருக்கும் தசைகள் அந்த எலும்பு முனையில்தான் பிடித்திருக்கின்றன. பயிற்சிகள் எழுதிக் கொடுத்தார். "கைக்கு ஒரு தாங்கல் வேண்டும் அம்மா. ஆனால் முழங்கையிலும் வேண்டாம், மணிக்கட்டிலும் வேண்டாம். நடுவில் சதையுள்ள இடத்தில் தாங்க வேண்டும்" என்றார். இந்தக் குறிப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைச் செய்து பார்த்த கதை.

கார்த்திகை

தாங்க வேண்டிய எடை எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றியது. சமையலறைத் தராசை மேசையில் வைத்து, அதன் மேல் முன்கையைத் தளர்வாகக் கிடத்தினேன். 1 கிலோ 150 கிராமில் நின்றது. முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து உடல் எடையில் ஏறக்குறைய 2.2 சதவீதம் என்பது உடலியக்கவியலில் வழங்கும் கணக்கு. என் எடை 58 கிலோ. கணக்குப்படி 1 கிலோ 270 கிராம் வர வேண்டும். மீதி நூற்றுச் சொச்சத்தைத் தோள் தாங்கியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை நீட்டிய கையில் ஏந்திக்கொண்டு நாளுக்கு எட்டு மணி நேரம் படம் வரைந்திருக்கிறேன். தோள்பட்டையின் மேல்தசை ஏன் கல்லாக இறுகிக் கிடந்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அன்றே சுருட்டிய துண்டு ஒன்றை முன்கைக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் சுகமாக இருந்தது. பிறகு துண்டு நசுங்கியது, நகர்ந்தது, கையோடு சேர்ந்து சுருண்டது. ஆனால் அந்த இரண்டு நாளில் வலி குறைந்தது உண்மை. வழி சரி, பொருள்தான் சரியில்லை என்று குறித்துக்கொண்டேன்.

செலவில்லாமல் இன்னொன்றும் செய்தேன். என் கீபோர்டின் வலது கோடியில் எண்பலகை இருந்தது. மொத்த அகலம் 44 செ.மீ. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவளுக்கு அந்த எண்பலகையால் ஒரு பயனும் இல்லை. முகூர்த்த நேரம் போடுவதற்கு மேல்வரிசை எண்களே போதும். எண்பலகை இல்லாத 36 செ.மீ. கீபோர்டுக்கு மாறினேன். மவுஸ் 8 செ.மீ. உடம்பை நோக்கி வந்தது. கை பக்கவாட்டில் விரிந்து கிடப்பது அன்றோடு நின்றது. வேறு எதுவும் செய்ய முடியாதவர்கள் இதை மட்டுமாவது செய்து பாருங்கள்.

மார்கழி

மேசையில் திருகி மாட்டும் கைத்தாங்கிகள் விற்கிறார்கள். இரண்டு மூட்டுகளோடு கை போகும் பக்கமெல்லாம் கூடவே வரும். அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் படம் வரைந்து கொடுத்துச் செய்யச் சொன்னேன். 20 செ.மீ. நீளத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள், மூட்டுக்கு ஒரு 608 பேரிங், நடுவில் 8 மி.மீ. போல்ட், நுனியில் கை வைக்க ஒரு தொட்டில்.

முதல் குறை, தொங்கல். 608 பேரிங்கின் தடிமன் வெறும் 7 மி.மீ. அதற்குள் இருக்கும் மயிரிழை ஆட்டம், 40 செ.மீ. தள்ளி நுனிக்கு வரும்போது ஒரு விரல் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. பட்டறைக்காரரே திருத்தம் சொன்னார். மூட்டுக்கு ஒரு பேரிங் போதாது. ஒரு குழாய்த் துண்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இடையில் நான்கு செ.மீ. இடைவெளி. அப்படிச் செய்ததும் தொங்கல் போனது.

இரண்டாவது குறையைத் தீர்க்க முடியவில்லை. தாங்கியில் கை வைக்காமல் விட்டால் அது தானாகவே சுழன்று ஒரே திசையில் போய் நின்றது. கை வைத்தாலும் அந்தத் திசைக்கே மெல்ல இழுத்தது. பேரிங்கைச் சந்தேகப்பட்டேன், போல்ட்டைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் மேசைமேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி ஓரமாகப் போய் நின்றது. எங்கள் வீடு பழைய வீடு. தரையைக் கழுவிவிட்டால் தண்ணீர் தானே ஓடும்படி முற்றத்து ஜலதாரையை நோக்கி வாட்டம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். தரை சாய்ந்தால் மேசை சாய்கிறது, மேசை சாய்ந்தால் மூட்டின் அச்சு சாய்கிறது. பேரிங் எவ்வளவு வழுக்கலாக ஓடுகிறதோ அவ்வளவு உண்மையாக அது பள்ளத்தைத் தேடிப் போகும்.

மேசைக் காலுக்கு அட்டை வைத்து மட்டம் செய்தேன். இழுப்பு நின்றது. ஆனாலும் வளைகோடு வரையும் கைக்கு அந்த மிதப்பு ஒத்துவரவில்லை. ஒரு புள்ளியை இம்மியளவு நகர்த்தும்போது முன்கை அசையாமல் கிடக்க வேண்டும், விரல்கள் மட்டும் வேலை செய்ய வேண்டும். மிதக்கும் தாங்கியில் அந்த நிலைப்பு கிடைக்கவில்லை. பெரிய திரையில் கோப்பு விட்டுக் கோப்பு தாவுகிற கணக்கு வேலைக்கு அது நல்ல கருவிதான். என் தம்பி எடுத்துப்போய் இன்றுவரை சந்தோஷமாகப் பயன்படுத்துகிறான். ஆயிரத்து இருநூறு ரூபாய் வீண் இல்லை.

தை

மூட்டு வேண்டாம், அசையாத அகலப் பலகை போதும் என்று முடிவெடுத்ததற்கு ஓர் ஆய்வும் காரணம். அமெரிக்காவில் டேவிட் ரெம்பல் என்பவரும் அவருடைய குழுவினரும் வாடிக்கையாளர் அழைப்புகளைக் கவனிக்கும் 182 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். மேசை விளிம்பில் பொருத்தும் அகலமான முன்கைப் பலகை கொடுக்கப்பட்டவர்களுக்குக் கழுத்து, தோள் வலியும் வலது கை வலியும் குறைந்திருந்தன. அதில் மூட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. வெறும் பலகைதான்.

பலகைக்குக் காசிமேட்டுக்குப் போனேன். எங்கள் தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவர் அங்கே படகுக்கு மரவேலை செய்கிறார். மரைன் பிளைவுட் வெட்டுத் துண்டு கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மவுஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1964-இல் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் ஆய்வுக்கூடத்தில் செய்த முதல் மவுஸின் உடம்பு மரத்தால் ஆனது என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பிறகு ஏன் தங்கச்சி பிளாஸ்டிக்குக்குப் போனார்கள்?" என்று கேட்டார். துண்டுக்குக் காசு வாங்கவில்லை.

அளவு: அகலம் 78 செ.மீ., ஆழம் 46 செ.மீ. அதில் 24 செ.மீ. மேசைமேல் படியும், 22 செ.மீ. என்னை நோக்கி வெளியே நீளும். வயிறு உள்ளே வர, நடுவில் 14 செ.மீ. ஆழத்துக்குப் பிறை வடிவ வெட்டு. மவுஸ், கீபோர்டு எல்லாம் இந்தப் பலகைமேல்தான். வெளியே நீளும் பகுதியில் கை ஊன்றினால் பின்பகுதி தூக்கும் என்பதால் இரண்டு ஜி-கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கினேன். மேசை அப்பாவுடைய தேக்கு மேசை. கிளாம்ப் பல் பதியாமலிருக்க அடியில் பழைய செருப்பு ரப்பர் வைத்தேன்.

அண்ணன் தந்தது 18 மி.மீ. பலகை. அதன்மேல் 25 மி.மீ. ஸ்பாஞ்ச் ஒட்டி ரெக்ஸின் போர்த்தினேன். பார்வைக்கு அழகாக இருந்தது. உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் தோள் காதுவரை ஏறி நின்றது. மணிக்கட்டோ மவுஸை நோக்கிக் கீழே மடங்கியது. மணிக்கட்டைச் சரிசெய்ய மவுஸுக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்தேன். அது சரியானது, தோள் இன்னும் ஏறியது. தோளைச் சரிசெய்ய நாற்காலியை உயர்த்தினேன். கால் தரையை விட்டு அந்தரத்தில் தொங்கியது, தொடையின் அடியில் மரத்தது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெட்டது. இப்படியே இரண்டு வாரம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் இஞ்ச் டேப்பைக் கொடுத்து எல்லாவற்றையும் அளக்கச் சொன்னேன். மேசை 74 செ.மீ. உயரம். பாதம் தரையில் பதிய உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு மடக்கினால் என் முழங்கையின் அடிப்பக்கம் 63 செ.மீ. இந்த மேசை எனக்குப் பதினோரு செ.மீ. அதிகம். இத்தனை வருடமும் இது தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது குழப்பம் அவிழ்ந்தது. நான் ஓர் உயரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், இருப்பவை இரண்டு. முழங்கையிலிருந்து தாங்கலின் மேற்பரப்புவரை உள்ளது தோளுக்கான உயரம். அதை நாற்காலியும் பலகையின் தடிமனும் முடிவு செய்கின்றன. மவுஸ் ஓடும் பரப்பிலிருந்து தாங்கலின் மேற்பரப்புவரை உள்ளது மணிக்கட்டுக்கான உயரம். அதை மெத்தையின் தடிமன் மட்டுமே முடிவு செய்கிறது. மணிக்கட்டின் கோளாறுக்கு நாற்காலியைத் திருகியும் தோளின் கோளாறுக்கு மெத்தையை அமுக்கியும் பார்த்தால் ஆயுசுக்கும் முடியாது.

மாசி

முதலில் தோள். நாற்காலியை 10 செ.மீ. உயர்த்தினேன். முழங்கை 73 செ.மீ. ஆயிற்று. காலுக்கு அடியில் இரண்டு ஏ4 காகிதக் கட்டுகள். ஒரு கட்டு ஏறக்குறைய 5 செ.மீ., கணக்குச் சரி. 18 மி.மீ. பலகையை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு 12 மி.மீ. துண்டு வாங்கி, அதே அச்சில் மறுபடி அறுத்தேன்.

அடுத்து மெத்தை. ஸ்பாஞ்ச் நாளுக்கு நாள் அமுங்கும், எந்த உயரமும் நிற்காது. பெரியமேட்டில் காலணிப் பொருள்கள் விற்கும் கடையில் 8 மி.மீ. ஈ.வி.ஏ. தாள் கிடைத்தது. செருப்பு அடிப்பாகத்துக்குப் போடுவது. மெத்தென்று இருக்கும், ஆனால் அமுங்கி உட்காராது. மேசை, பலகை, மெத்தை மூன்றும் சேர்ந்து 76 செ.மீ. முழங்கையைவிட 3 செ.மீ. அதிகம்போலத் தோன்றும். ஆனால் கை சற்று முன்னே நீளும்போது முழங்கை தானே இரண்டு மூன்று செ.மீ. உயரும். உட்கார்ந்ததும் தோள் கீழே இறங்கியது. மணிக்கட்டு நேராகக் கிடந்தது. அந்த மாலை நான்கு மணி நேரம் தொடர்ந்து தோகை வரைந்தேன். எழுந்தபோதுதான் முழங்கை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது.

மெத்தையை முழு நீளத்துக்கும் ஒட்டவில்லை. மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை பின்னால் தொடங்கி, முழங்கைக்கு மூன்று விரற்கடை முன்னால் முடிகிறது. சுண்டுவிரல் நரம்பு ஓடும் இடம் எதன்மீதும் படுவதில்லை. முன் விளிம்பை அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டு விரலில் கூர்மை தட்டாதவரை தேய்த்தேன். இந்த வேலைக்கு ஒரு முழு மாலை ஆயிற்று. பலகை கையைக் காயப்படுத்தினால் விளிம்பில்தான் காயப்படுத்தும்.

ரெக்ஸினை நீக்கிவிட்டேன். நம் ஊர்க் காற்றில் ரெக்ஸின்மேல் கை வைத்தால் பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. உரித்து உரித்து எடுக்க வேண்டியிருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் தெரிந்த தையற்காரர் காடாத் துணியில் தலையணை உறைபோல மாட்டிக் கழற்றும் உறை மூன்று தைத்துத் தந்தார். வாரம் ஒன்று துவைக்கப் போகிறது. திருகாணிகளும் மாற்ற வேண்டியதாயிற்று. சாதாரண இரும்புத் திருகாணி சில வாரத்திலேயே துருப்பிடித்து உறையில் காவிக்கறை விட்டது. கடலுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் துருப்பிடிக்காத எஃகுதான் நிற்கும். மண்ணடியில் எண்ணிக்கைக் கணக்கில் வாங்கிவந்தேன்.

பங்குனி

வைகாசி முகூர்த்த வேலை முழுவதும் இந்தப் பலகையில்தான் நடக்கிறது. கார்த்திகை அளவுக்கே நெருக்கடி. சுண்டுவிரல் மரப்பு முற்றிலும் போய்விட்டது. வெளிப்பக்க முழங்கையில் வலி முழுதாகப் போகவில்லை. காலையில் எழுந்ததும் கொஞ்சம் இருக்கிறது, பயிற்சி செய்ததும் அடங்குகிறது. சுட்டியின் வேகத்தைக் கணினியில் ஒரு படி கூட்டி வைத்தேன். திரையின் கோடிவரை போக இப்போது பாதி தூரம் நகர்த்தினால் போதும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதையும் விடவில்லை. தாங்கல் சுகமாக அமைந்துவிட்டதாலேயே எழுந்திருக்க மனம் வருவதில்லை, அதைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஆண்டர்சன் தெருக் கடையில் உட்கார்ந்து வடிவமைக்கும் பையன் வீட்டுக்கு வந்து இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் ஒன்று செய்து தர முடியுமா?" என்று கேட்டான். அவன் முழங்கையை அளந்தேன். 67 செ.மீ., என்னைவிட 4 அதிகம். அதனால் அவனுக்கு நாற்காலி அவ்வளவு உயர வேண்டாம், ஒரு காகிதக் கட்டே போதும். சிக்கல் மேசையில் இருக்கிறது. கடை மேசையின்மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், ஜி-கிளாம்ப்பை இறுக்கினால் விரிசல் விடும். கண்ணாடியை எடுக்க முதலாளி சம்மதிக்கவில்லை. கண்ணாடியைத் தொடாமல் மேசைக்கு அடியிலிருந்தே இரண்டு கட்டைகளை நீட்டிப் பலகையைத் தாங்கலாமா என்று படகு அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.