பனிமூட்டத்தில் தெரியும் ஸ்வெட்டர்

இலங்கையின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடக்கும் கதைவிளையாட்டை ட்வைன் என்ற மென்பொருளில் எழுதி வருகிறேன். கொழும்பில் கடை வேலைக்குப் போன ஒருவர் பொடி மெனிக்கே ரயிலில் ஊர் திரும்புகிறார். வாசிப்பவர்தான் அந்த ஆள். இப்போது அவருடைய தோற்றத்தில் நிற்கிறேன்: ஸ்வெட்டர், கையில் இருக்கும் சாமான், முடி. இவற்றில் வாசிப்பவர் எதைத் தெரிவு செய்தாலும் கதையின் முடிவு மாறாது.

அப்படியென்றால் ஏன் கேட்க வேண்டும்? சில கதைகள் முதல் பக்கத்திலேயே கண் நிறம், முடி நிறம் என்று வரிசையாகக் கேட்கும்; அப்புறம் அதைப் பற்றி ஒரு சொல்லும் வராது. எனக்கு அது பிடிப்பதில்லை. கேட்டதைக் கதை ஒரு தடவையாவது நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். என் கதையில் ஸ்டேஷனிலிருந்து ஏறும் பாதை முழுக்கப் பனிமூட்டம். லயத்து முனையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் தொடங்கும் இடத்தில், காத்து நிற்கும் அப்பாயிக்கு முகம் தெரியாது, ஸ்வெட்டர்தான் தெரியும். “அந்தச் செவப்பு ஸ்வெட்டர கண்டதுமே நீதான்னு தெரிஞ்சிச்சு” என்கிறார். நீலம் எடுத்தவருக்கு நீலம். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வாசித்துப் பார்த்த என் தங்கச்சி அந்த இடத்தில் நிறுத்தி, “அப்பாயி என்னையத்தான் சொல்றாங்க” என்றாள்.

கிறிஸ் கிளைமஸ் 2009 இல் வெளியிட்ட ட்வைன் இலவசம். முடிந்த கதை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வரும் என்பதால் தங்கச்சி போனிலேயே, இணையம் இல்லாமல் வாசித்தாள். வாசிப்பவரின் தெரிவை டாலர் குறி போட்ட மாறியில், அதாவது அதைச் சேமித்து வைக்கும் ஒரு பெயரில் வைத்து, வேண்டிய இடத்தில் மாறியின் பெயரை எழுதினால் சொல் வந்துவிடும். தமிழில் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பட்டியலில் ‘நீலம்’ என்று இருப்பது வசனத்தில் ‘நீல ஸ்வெட்டர்’ ஆக வேண்டும். ‘பெட்டி’ பெட்டியை ஆகும், ‘சாக்கு’ சாக்கை ஆகும்; மாறிக்குப் பின்னால் வெறும் ஐ ஒட்டினால் ‘சாக்குஐ’ என்று வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு தெரிவுக்கும் தேவையான வடிவங்களை முன்கூட்டியே தனித்தனி மாறிகளில் வைக்கிறேன். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் நல்ல தமிழ் வராது.

ஆணா பெண்ணா என்று தொடக்கத்தில் கேட்கவில்லை. ‘நடக்கிறாய்’ இருவருக்கும் பொருந்தும். லயத்துப் பிள்ளைகள் ஓடி வரும்போதுதான் தேவைப்படுகிறது. “யாரு வாறது?” என்று சின்னவன் கேட்க, அக்காவா அண்ணாவா என்ற பதிலை வாசிப்பவர் அங்கேயே தெரிவு செய்கிறார்.

தோல் நிறத்தை விட்டுவிட்டேன். ‘கலர்’ பார்த்துப் பேசும் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வாசிக்கப்போகும் கதை இது. எந்த வரிசையில் போட்டாலும் அந்தப் பட்டியல் ஒருவரைக் குத்தும்.

அடுத்தது முடி. பின்னல், கொண்டை, கட்டையாக வெட்டியது என மூன்று. மழையில் நனைந்து வந்தவருக்கு அப்பாயி தலை துவட்டிவிடும் காட்சியை மூன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பின்னலுக்கு மட்டும் முடித்திருக்கிறேன்.