பின் சீற்றுக்குக் கீழே கொஞ்சம் பாருங்கள்

நேற்று அண்ணனின் டொயோட்டா அக்வாவில் கல்முனைக்குப் போய் வந்தேன். அது ஹைபிரிட் கார், அதாவது பெற்றோல் எஞ்சினோடு பற்றரியில் ஓடும் மின்மோட்டாரும் இருக்கும். காத்தான்குடி நெரிசலில் ஊர்ந்தபோது எஞ்சின் சத்தமே இல்லை, பற்றரியில்தான் ஓடியது. பிரேக் மிதிக்கும்போது மோட்டாரே ஜெனரேற்றராக மாறி, வீணாகப் போகும் வேகத்தை மின்சாரமாக்கிப் பற்றரியில் சேர்க்கிறது. அதனால்தான் நின்று நின்று போகும் டவுன் ஓட்டத்தில் ஹைபிரிட் இவ்வளவு மிச்சம் பிடிக்கிறது. நீண்ட ரோட்டில் ஒரே வேகத்தில் போனால் அந்த லாபம் குறையும். 1997இல் ஜப்பானில் டொயோட்டாவின் பிரியஸ் ஹைபிரிட் கார் முதன்முதலில் வந்ததும் இதே அடிப்படையில்தான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டா வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். ஒரு லீற்றரின் அருமை நமக்கு நல்லாவே தெரியும்.

சரி, சொல்ல வந்தது இதுதான். பின் சீற்றின் கீழ்ப்பக்கம் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அதால்தான் காற்றை இழுக்கிறது. அண்ணன் அதன் மூடியைக் கழற்றினார்: கடற்கரை மணல், தலைமுடி, நூல் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது! அடைபட்டால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். நம்ம ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். இப்படியான ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிறே ஒருக்கா திறந்து பாருங்கள். அந்தத் துவாரத்தை மறைத்துப் பையோ சாமானோ வைக்காதீர்கள்.