பழைய 21 இஞ்ச் டிவியில் ஃப்ரீ டிஷ்: படத்தை மறித்தது ஒரு வயர்

தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ் பாக்ஸை மாட்டியும் படம் வரவில்லை. "டியூப் டிவியில இனி படம் வராதுங்ணா, எல்இடி ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று உடுமலைக் கடையில் சொன்னதை நம்பியிருந்தால், நன்றாக ஓடுகிற டிவி இந்நேரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். கோளாறு டிவியில் இல்லை. அதே கடையில் தனியாக வாங்கிய, படத்தையும் ஒலியையும் பாக்ஸிலிருந்து டிவிக்குக் கொண்டுபோகும் ஏவி வயரில்.

செட்டாப் பாக்ஸின் பின்னால் ஒரே ஒரு 3.5 மி.மீ. துளை. அதிலிருந்து டிவிக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பின். எல்லா வயரும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் பாக்ஸில் குத்துகிற முனையை உற்றுப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையங்கள், அவை பிரிக்கும் நான்கு உலோகப் பகுதிகள். எதில் வீடியோ, எதில் எர்த் (வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் பொதுவான இணைப்பு) என்பது வயருக்கு வயர் மாறும். வீடியோவும் ஆடியோவும் மட்டும் இடம் மாறியிருந்தால் தப்பித்தோம். டிவியின் மஞ்சள் துளையில் சிவப்புப் பின்னையோ வெள்ளைப் பின்னையோ குத்தினால் படம் வந்துவிடும். எர்த் மாறியிருந்தால் எப்படிக் குத்தினாலும் தேறாது. இதற்காகவே உடுமலைக்கு இரண்டு நடை வீண். பாக்ஸையும் கையோடு எடுத்துப்போய், கடை டிவியில் போட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ, மேலும் கீழும் உருண்டாலோ, பாக்ஸ் மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (அமெரிக்க முறை) என்று இருக்கும். நம் ஊர் டிவிகளின் முறையான பிஏஎல் என்று மாற்றினால் சரியாகிவிடும். அங்கேயே திரை அளவை 4:3 ஆக்குங்கள்.

அடுத்த தவறு கம்பத்தில். கொடைக்கானல் ஒளிபரப்புக்காக அந்தக் காலத்தில் நட்ட ஆன்டெனா கம்பம் சும்மாதானே நிற்கிறது என்று டிஷ்ஷை அதில் மாட்டவே கூடாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியும். அனலாக்கில் கம்பம் ஆடினால் படத்தில் புள்ளிதான் விழும். டிஜிட்டலில் டிஷ் ஒன்றிரண்டு டிகிரி விலகினாலே படம் கட்டங்கட்டமாக உடைந்து, 'நோ சிக்னல்' வந்துவிடும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து இறுக்குவதுதான் சரி.

ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். உடுமலையிலிருந்து பார்த்தால் நேர்கிழக்கிலிருந்து சுமார் 30 டிகிரி தெற்கே தள்ளி, வானில் ஏறக்குறைய 67 டிகிரி உயரத்தில். இவ்வளவு உயரம் என்பதால் ஒட்டி நிற்கும் தென்னை மட்டும்தான் மறைக்கும். பாக்ஸ் மெனுவில் அலைவரிசை 11090, வெர்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று போட்டுத் தேடுங்கள். திரையில் தெரியும் ஸ்ட்ரெங்த் பட்டையை நம்ப வேண்டாம். டிஷ் வேறு பக்கம் பார்த்தாலும் அது காட்டும். குவாலிட்டி பட்டைதான் கணக்கு. டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, பிறகு டிஷ்ஷின் முன்னே நின்று சிக்னலை வாங்கும் எல்என்பியை அதன் பிடிக்குள்ளேயே திருகி, குவாலிட்டி உச்சிக்கு ஏறும் இடத்தில் முடுக்குங்கள்.

அப்படியும் குவாலிட்டி ஏறாவிட்டால் டிஷ் கேபிளின் முனையிலுள்ள எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்னல் கம்பியின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் எல்என்பிக்குப் போகும் கரண்ட் ஷார்ட் ஆகிவிடும்.

எம்பெக்-2 என்ற பழைய வீடியோ முறையை மட்டும் எடுக்கும் பழைய பாக்ஸை யாராவது மலிவாகத் தந்தால் வேண்டாம். சில சேனல்கள் அதில் வரவே வராது. ஏவி துளையே இல்லாத, ஆன்டெனா துளை மட்டும் உள்ள டிவி என்றால் பாக்ஸின் படத்தை ஆன்டெனா துளைக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் ஒன்று நடுவே தேவை. அதை வாங்கும்போதும் பாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள்.