வலது இருக்கைக்கு ஒரு விண்ணப்பம்

ஜனவரி 4

இரவு பதினொன்றரைக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ஒரு விமான நிறுவனம் வலது இருக்கைக்கு, அதாவது துணை விமானி இடத்துக்கு, பயிற்சி விமானிகளை எடுக்கிறது. விமானம் ஏடிஆர் 72-600, இரண்டு புரொப்பெல்லர் உள்ள பயணிகள் விமானம். டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனி அனுமதி, இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் ஒன்றே கால் வருடம் காத்திருந்தேன்.

படிவம் ஏழு பக்கம். மொத்தம் பறந்த நேரம் 208 மணி 25 நிமிடம். சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி வேண்டும், அதற்கு மேல் என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இரட்டை எஞ்சினில் 15 மணி. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ நடத்தும் ஒவ்வொரு தேர்வையும் எத்தனையாவது முயற்சியில் முடித்தீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. 70 மதிப்பெண் எடுத்தால்தான் பாஸ். நேவிகேஷனில் முதல் தடவை எனக்கு 66. அந்தக் கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் 2 என்று எழுதினேன்.

கடைசியாக ஐஆர் முடியும் தேதி: ஏப்ரல் 17. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கலாம் என்று தரும் இந்த அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். வேலை கிடைக்காவிட்டால் மறுபடி இரட்டை எஞ்சின் விமானத்தை வாடகைக்கு எடுத்து, பறந்து, பறக்கும் தேர்வு கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

ஜனவரி 6

பெங்களூர் முருகேஷ்பாளையத்தில் வளர்ந்தவர்களுக்கு விமானம் என்றால் முதலில் சத்தம். விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் நிறுவனத்தின் ஓடுபாதை எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். 2008 மே மாதம் வரை பெங்களூருக்கு வந்த பயணிகள் விமானமெல்லாம் அங்கேதான் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிரும், அம்மா பேச்சை நிறுத்துவார், சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். தேவனஹள்ளியில் புது விமான நிலையம் திறந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. திடீரென்று வீடு அமைதியாகிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. நான் மட்டும் அழுதேனாம்.

ஜெட் வரும்போது ஓடி வராத அப்பா, புரொப்பெல்லர் விமானம் வந்தால் என்னை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். கேப்டன் கோபிநாத் 2003-இல் இங்கே ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கியபோது ஏடிஆர் விமானங்களைத்தான் பறக்கவிட்டார். "இது பஸ் மாதிரி பாப்பா. சின்ன ஊருக்கெல்லாம் போகும்" என்பார் அப்பா. அம்மாவின் ஊர் ஓமலூர் பக்கம். சேலம் விமான நிலையம் அங்கே காமலாபுரத்தில்தான் இருக்கிறது. அங்கே நான் இறங்க வேண்டும் என்ற ஆசை அப்போதே வந்துவிட்டது.

ஜனவரி 9

இன்று முழுக்க ஏடிஆர் பாடம். படிக்கப் படிக்க இந்த விமானத்தின் மேல் பிரியம் கூடுகிறது. ஓடுபாதை நீளமாக இல்லாத ஊர்களில் இறங்கும். குறைந்த தூரத்துக்கு ஜெட்டைவிட எரிபொருள் நன்றாகவே மிச்சம்.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். பெரிய ஜெட்களின் வாலில் ஏபியூ என்று ஒரு குட்டி எஞ்சின் இருக்கும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசிக்குக் காற்றும் அதிலிருந்து வரும். ஏடிஆரில் அது கிடையாது. வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். இதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். எஞ்சின் ஓடும்போது புரொப்பெல்லர் எப்படி நிற்கும்? மூன்று தடவை படித்தும் மனதில் உட்காரவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் எச்ஏஎல்லில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தவர்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூடத்திலிருந்து ஒரு டேபிள் ஃபேன், பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று. இரண்டையும் முகத்துக்கு முகம் பார்க்க மேஜையில் வைத்தார். ஒன்றுக்கு மட்டும் சுவிட்சு. அதன் காற்று பட்டு, பிளக் போடாத எதிர் ஃபேன் மெல்லத் திரும்பி, பிறகு வேகமாகச் சுற்றியது. அப்பா அதன் நடுக் குமிழில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அது நின்றது. கரண்ட் ஓடும் ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ரெண்டுக்கும் நடுவுல காத்துதான். ஷாஃப்ட் இல்ல" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கம்ப்ரெசரைச் சுற்றும் தண்டு வேறு, புரொப்பெல்லரைச் சுற்றும் டர்பைனின் தண்டு வேறு. நடுவில் இருப்பது சூடான வாயு மட்டும். அந்தக் கட்டைவிரலை இனி மறக்கவே மாட்டேன்.

ஜனவரி 12

எழுத்துத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. 17-ஆம் தேதி, தேவனஹள்ளி பக்கம். கூடப் படித்தவர்களில் மூன்று பேருக்கு வரவில்லை. யாருக்கு முதலில் போன் செய்வது என்று தெரியாமல் யாருக்கும் செய்யவில்லை.

ஜனவரி 15

பொங்கல். அத்தை வந்திருந்தார். "அவ்வளவு செலவு பண்ணிப் படிச்சிட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கியே" என்றார். அம்மா சர்க்கரைப் பொங்கலை அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். மதியம் முழுக்க வானிலைப் பாடம்.

ஜனவரி 17

காலை ஐந்து மணிக்கு விமான நிலையம் போகும் வாயு வஜ்ரா பஸ். ஹெப்பாள் தாண்டியதும் பனிமூட்டம், யலஹங்காவில் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. தேர்வில் அதே காலைப் பொழுதைக் கேள்வியாக வைத்திருந்தார்கள்! கெம்பேகௌடா விமான நிலையத்தின் மெட்டார் என்ற வானிலை அறிக்கை, 0100 ஜூலு, அதாவது உலகப் பொது நேரம். பார்வைத் தூரம் 300 மீட்டர், வெப்பநிலையும் ட்யூ பாயிண்டும் (காற்றின் ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) இரண்டுமே 16. இந்திய நேரப்படி மணி என்ன, மூட்டம் எப்படி உருவானது, எப்போது விலகும்? ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் காலை 6:30. தெளிந்த வானம், காற்றில்லாத இரவு, தரை குளிர்ந்து காற்றின் ஈரம் சின்னச் சின்ன நீர்த்துளியான கதை. வெயில் ஏறித் தரை சூடானால் விலகும். எழுதிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன், விலகிக்கொண்டிருந்தது.

இன்னொன்று: 3,000 அடி உயரத்தில் ஒரு விமான நிலையம், வெப்பம் 30 டிகிரி, டென்சிட்டி ஆல்டிட்யூட், அதாவது காற்றின் அடர்த்தியை வைத்து விமானம் உணரும் உயரம், எவ்வளவு? அந்த உயரத்தில் கணக்குப்படி இருக்க வேண்டிய வெப்பம் 9 டிகிரி. 21 டிகிரி கூடுதல், டிகிரிக்கு 120 அடி வைத்தால் 2,520. ஆக ஏறக்குறைய 5,500 அடி. நம் ஊர் கோடை மதியத்தில் விமானத்துக்கு இது ஏற்காட்டைவிட உயரமான மலை. காற்று மெலிந்திருக்கும், எஞ்சினின் பலம் குறையும், மேலெழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

மாலையே முடிவு சொன்னார்கள். 41 பேரில் 14 பேர். நான் இருக்கிறேன்.

ஜனவரி 22

சிமுலேட்டர் சோதனை. அசையாத பயிற்சிக் கருவிதான், ஆனால் உள்ளங்கை வியர்த்தது நிஜம். ஏறி, காத்திருக்கும்போது போடும் ஒரு ஹோல்டிங் சுற்று, பிறகு ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் சமிக்ஞையைப் பிடித்து இறங்க வேண்டும். 2,000 அடியில் ஒரு எஞ்சினை நிறுத்தினார்கள். மூக்கு இடப்பக்கம் இழுத்தது, வலது காலால் மூக்கைத் திருப்பும் ரட்டர் பெடலை அழுத்தினேன். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் போயிருக்கிறது, இது கைக்குப் பழகிய பாடம். இடது எஞ்சின் என்று சரியாகவே சொன்னேன்.

அதைச் சொல்லும் பெருமையில் வேகத்தை விட்டுவிட்டேன். ஒற்றை எஞ்சினில் நன்றாக ஏறுவதற்கென்று ஒரு வேகம் உண்டு, ஸ்பீடு மீட்டரில் நீலக் கோடு. முள் அதற்குக் கீழே ஐந்து நாட் போயிருந்தது. "வேகம் குறைவு, சரிசெய்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி மூக்கைத் தாழ்த்தினேன். பக்கத்தில் இருந்த கேப்டன் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்ற யோசனையிலேயே ராத்திரி போனது.

ஜனவரி 24

இரண்டு கேப்டன்கள், மனிதவளத் துறையிலிருந்து ஒரு மேடம். நாற்பது நிமிடம்.

ஹோட்டல் மோட் கேட்டார்கள். இரண்டு ஃபேன்களைச் சொன்னேன். மூத்த கேப்டன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். அப்பா என்றேன், அவர் செய்த வேலையைச் சொன்னேன்.

பிறகு என் லாக்புக்கை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. மே மாதம், தனியாகப் போன கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறு ஊருக்குப் போகும் நீண்ட பயணம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டியது, ஐம்பது நிமிடத்தில் முடிந்திருந்தது. ஏன் என்று கேட்டார். முன்னால் இடிமேகம் வளர்ந்துகொண்டிருந்தது, சுற்றிப் போக எரிபொருள் கணக்கில் திருப்தி இல்லை, திரும்பிவிட்டேன் என்றேன். திரும்பி வந்ததற்குப் பயிற்சிப் பள்ளியில் நான் வாங்கிய திட்டும், அடுத்த முறை கிடைக்க மூன்று வாரம் ஆனதும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த வரியை அவர் கண்டுபிடித்ததில் நெஞ்சில் ஏதோ இளகியது.

"பக்கத்தில் கேப்டன் இருக்கிறார், இறங்கப் பார்க்கிறார், உனக்குச் சரியாகப் படவில்லை. என்ன செய்வாய்?"

"500 அடிக்குள் வேகமும் பாதையும் நிலையாக இல்லையென்றால் 'கோ அரவுண்ட்', இறங்காமல் மறுபடி மேலேறுங்கள் என்று சொல்வேன் சார். கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்வேன். வலது இருக்கையில் இருப்பவர் சொல்வதற்காகத்தான் அங்கே இருக்கிறார்."

கடைசிக் கேள்விதான் நான் பயந்தது. மேடம் கேட்டார்: "நாளைக்குப் பெரிய ஜெட் நிறுவனம் கூப்பிட்டால் போய்விடுவீர்களா? பயிற்சிச் செலவுக்கு இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று பாண்டு எழுதித் தர வேண்டியிருக்கும்."

போகவே மாட்டேன் என்று சொல்லிப் பழகச் சொல்லியிருந்தார்கள் சீனியர்கள். வாய் வரை வந்தது. சொல்ல முடியவில்லை. "வாழ்நாள் முழுக்க இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க எனக்குத் தெரியாது மேடம். கேப்டனாக வேண்டிய ஏடிபிஎல் உரிமம் வாங்க 1,500 மணி நேரம் வேண்டும். அதை இந்த விமானத்தில்தான் சேர்க்க ஆசை. ஒரே நாளில் ஆறு இறக்கம் கிடைப்பது இங்கேதான், நீண்ட தூரம் போகும் ஜெட்டில் கிடைக்காது. இதில் கேப்டனின் இடது இருக்கைக்கு வராமல் நான் போக மாட்டேன்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. நல்ல அழுகையா என்று தெரியவில்லை.

ஜனவரி 29

ஒன்றும் வரவில்லை. மெயில் பெட்டியை எண்ணிக்கையில்லாமல் திறந்தேன். சாயங்காலம் அப்பாவோடு ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவன வாசல் வரை நடை. நாடு முழுவதிலிருந்தும் பைலட்டுகள் கிளாஸ் ஒன் மருத்துவப் பரிசோதனைக்கு வருகிற இடம், கையில் ஃபைலோடு ஒரு பையன் ஆட்டோ பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 3

மதியம் 2:10. மெயில்.

தேர்வு செய்திருக்கிறார்கள். நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் டைப் ரேட்டிங் வகுப்பு, மார்ச் இரண்டாம் வாரம். அதற்குள் பாண்டு பத்திரத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பதினொரு பக்கம். அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னார், தமிழில் விளக்கச் சொன்னார். எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு, கர்ப்பமானால் என்ன, உடம்பு சரியில்லாமல் போனால் என்ன. நான் கேட்க மறந்த கேள்வியெல்லாம் அவர் கேட்டார். நான்கு இடத்தில் பென்சிலில் கோடு போட்டிருக்கிறோம், நாளை மேடத்திடம் கேட்க வேண்டும்.

அப்பா அதுவரை பேசவில்லை. எழுந்து போய் பக்கத்து வீட்டு ஃபேனைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். மூன்று வாரமாக எங்கள் கூடத்திலேயே இருந்திருக்கிறது.