கோன் செட் மாற்றியும் நிற்காத ஆட்டம்

பழைய புல்லட்டில் முன்பக்கம் ஆடுகிறது என்று யார் வந்து சொன்னாலும் பட்டறைகளில் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "கோன் செட் போயிருக்கும்ங்க." ஹேண்டில் திரும்பும் கழுத்துக்குள் இருக்கும் கிண்ணங்களும் குண்டுகளும்தான் கோன் செட். வண்டியை இன்னும் சென்டர் ஸ்டாண்டுகூடப் போட்டிருக்க மாட்டார்கள். இந்தப் பதில் பாதி நேரம் சரியாகவும் இருந்துவிடுகிறது, அதுதான் தொல்லை. சாமான் விலை குறைவு, கழற்றி மாட்ட அரை நாள், தேய்ந்த பழைய குண்டுகளைக் கையில் கொட்டிக் காட்டினால் வாடிக்கையாளருக்கும் திருப்தி. சரியாகாத மீதிப் பாதி வேறு பட்டறைக்குப் போகும், அங்கே அதே கழுத்தில் இன்னொரு கோன் செட் ஏறும்.

கோயம்புத்தூரில் என் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் பல, இப்படி இரண்டு மூன்று இடம் சுற்றிவிட்டு வந்தவைதான். காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்த காலத்து முன்பக்க அமைப்பு, அடிப்படையில் பெரிய மாற்றமில்லாமல் தொண்ணூறுகளைத் தாண்டியும் வந்தது. அதனால் தொண்ணூற்றைந்து மாடல் வண்டியின் ஆட்டமும் ஐம்பதுகளின் ஆட்டமும் ஒரே ஜாதி. கழுத்துக்குள் மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், நடுவில் கூண்டு இல்லாத தனித்தனி இரும்புக் குண்டுகள், அவ்வளவுதான். ஹெட்லைட்டும் இரண்டு குட்டி பைலட் லாம்பும் உட்கார்ந்திருக்கும் அந்த டூம் வெறும் அழகுக்கான மூடி இல்லை, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்கள் மேலே போய் மாட்டுவதே அதில்தான். இது தெரியாமல் டூமை ஹெட்லைட் கூடு என்று நினைத்துக் கழற்ற ஆரம்பித்து முழிக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் நான் கேள்வி கேட்பேன். எந்த வேகத்தில் ஆடுகிறது, கை வைத்திருக்கும்போதா விட்டாலா, முறுக்கும்போதா ஆக்ஸிலேட்டரை விடும்போதா, தனியாகப் போகும்போதா பின்னால் ஆள் இருந்தாலா. கடைசியாக, ஆட ஆரம்பிப்பதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம், அதற்குத்தான் பதிலும் ஒழுங்காக வராது. "ஒண்ணுமே பண்ணலைங்க, சும்மா நல்லா ஓடிட்டு இருந்துது" என்பார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் மெதுவாக வெளியே வரும்: போன மாதம் முன் டயர் மாற்றினோம், செயின் லூஸ் என்று இழுத்து வைத்தார்கள், பின்னால் ஒரு பெட்டி மாட்டினோம்.

ஆட்டம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அது இரண்டு வகை, இரண்டையும் குழப்பிக்கொண்டால் வேலை மொத்தமும் வீண். ஒன்று, ஹேண்டில் மட்டும் கையில் படபடவென்று உதறுவது. பெரும்பாலும் ஐம்பது அறுபது வேகத்தில், கையைத் தளர்த்தும்போது வரும். இன்னொன்று, வண்டி முழுவதும் இடுப்பை வளைத்துக்கொண்டு மெதுவாக நெளிவது, வேகம் கூடக் கூட அதுவும் கூடும். 1971இல் ராபின் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இந்த இரண்டையும் கணக்குப் போட்டுப் பிரித்துக் காட்டினார். உதறல் நொடிக்கு ஆறு முதல் பத்துத் தடவை, நெளிவு நொடிக்கு இரண்டு மூன்று தடவை என்ற அளவில் இருக்கும். பட்டறையில் யாரும் நொடி எண்ணப் போவதில்லை. ஆனால் எண்ணக்கூட முடியாத வேகத்தில் உதறினால் முன்பக்கத்தைப் பார், எண்ண முடிகிற மாதிரி நெளிந்தால் பின்பக்கம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ், பின் டயர், ஷாக், பின்னால் ஏற்றியிருக்கும் சுமை என்று பார்க்க ஆரம்பி. இந்தப் பிரிவினை எனக்கு எத்தனையோ வண்டிகளில் கை கொடுத்திருக்கிறது. விதிவிலக்கும் உண்டு, அது பின்னால் வருகிறது.

உதறல் ஏன் வருகிறது? ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது ஒரு சக்கரம் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளுமே, அதே சங்கதிதான். முன் சக்கரம் தரையைத் தொடும் இடம் கழுத்தின் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் இருப்பதால்தான் வண்டி நேராகப் போகிறது. சக்கரம் சற்றுத் திரும்பினால் தரை அதை இழுத்து நேராக்கும். நேராக்குகிற வேகத்தில் கொஞ்சம் தாண்டி அந்தப் பக்கம் போகும், மறுபடி இழுக்கும். எல்லாம் இறுக்கமாக, சரியாக இருந்தால் இந்த ஆட்டம் பிறந்த இடத்திலேயே செத்துவிடும். எங்கேயோ ஒரு தளர்ச்சி இருந்தால் சாகாமல் வளரும். ஆகவே "எது ஆட்டுகிறது" என்று ஒரு குற்றவாளியைத் தேடுவதைவிட, "ஆட்டத்தை அடக்க வேண்டியவர்களில் யார் யார் வேலை செய்யவில்லை" என்று பார்ப்பதுதான் பலன் தரும். பெரும்பாலும் ஒருவர் இல்லை, மூன்று நான்கு பேர்.

இதற்கு நல்ல உதாரணம், மில் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவரின் ஸ்டாண்டர்டு 350. அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம், வாரா வாரம் போய்வருவார். அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இடது கையை எடுத்தால், ஐம்பத்தைந்து வாக்கில் ஹேண்டில் உதற ஆரம்பித்து, நாற்பதுக்குக் கீழே தானாக நின்றுவிடும். ஒரு பட்டறையில் கோன் செட் மாற்றியாயிற்று, இன்னொன்றில் டயர். மூன்றாவது இடத்தில் ஃபோர்க் பெண்டு, முழு செட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்ல, அந்தத் தொகையைக் கேட்டபிறகுதான் இங்கே வந்தார்.

"தம்பி, ஆகிற செலவு ஆகட்டும், ஆனா இதான் காரணம்னு ஒண்ணைச் சொல்லிப்புட்டு செய்யுங்க" என்றார்.

"ஒண்ணுன்னு சொல்ல முடியாதுங்க சார், பார்த்துப் பார்த்துத்தான் போகணும்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

முதலில் காற்று. இது ரொம்பச் சப்பையாகத் தெரியும், ஆனால் செலவே இல்லாதது. தனியாள் ஓட்டும் புல்லட்டுக்கு முன்னால் இருபதை ஒட்டி, பின்னால் முப்பதை ஒட்டி இருந்தால் போதும். பங்க்கில் பையன் இரண்டு சக்கரத்துக்கும் காருக்கு அடிக்கிற மாதிரி அடித்து விட்டிருந்தான். குறைத்துவிட்டு நீலாம்பூர்-மதுக்கரை பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். உதறல் இருந்தது, ஆரம்பிக்கும் வேகம் மட்டும் சற்று இறங்கியிருந்தது. கான்கிரீட் பரப்பில் நீளவாக்கில் கோடு போட்டிருக்கும் ரோட்டில் இதைச் சோதிக்கவே கூடாது. பழைய புல்லட்டுக்குப் போடுகிற வரி வரியான முன் டயர் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கும், நல்ல வண்டியும் கெட்ட வண்டி மாதிரிதான் தெரியும்.

அடுத்து ஸ்போக். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இறுக்கமான கம்பி கணீரென்று பேசும், தளர்ந்தது டொக்கென்று அமுங்கும். இந்தச் சக்கரத்தில் ஒரு பக்கமாகவே அமுங்கிய கம்பிகள் வரிசையாக வந்தன. ஃபோர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி, ரிம்முக்கு முடியளவு தள்ளி வைத்துச் சுற்றினால் கோட்டம் எங்கே என்று கண்ணுக்கே தெரியும். பெண்டு எடுக்க ஆள் தனியாக இருக்கிறார், வயதானவர், சைக்கிள் கடையிலிருந்து வந்த கை. நான் செய்தால் ஒரு மணி நேரம், அவர் பேசிக்கொண்டே அதில் பாதியில் முடிப்பார். அவரிடமே கொடுத்தேன். முடித்து மாட்டியபிறகு உதறலின் கடுமை பாதியாகக் குறைந்தது, போகவில்லை.

இப்போது கழுத்து. இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார்கள், "ப்ளே இருக்கு" என்பார்கள், அதாவது தளர்ச்சி. ஆனால் அந்த ப்ளே கழுத்தில் இருக்கிறதா, ஃபோர்க்குக்கு உள்ளே தேய்ந்த புஷ்ஷில் இருக்கிறதா என்று கைக்குத் தெரியாது. பையனை ஆட்டச் சொல்லிவிட்டு, கழுத்து முடிந்து கீழ்க் கிளாம்பு ஆரம்பிக்கும் இடுக்கில் விரல் நுனியை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே நகர்ந்தால் கோன், நகராமல் கீழே மட்டும் ஆடினால் புஷ். இந்த வண்டியில் விரலுக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக வலமும் இடமும் தள்ளினேன். வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, இடது பக்கம் கடைசியில் இறுகியது. கேபிள் இழுக்கிறதோ என்று கிளட்ச், ஆக்ஸிலேட்டர், பிரேக் கேபிள்களை எல்லாம் விடுவித்துவிட்டுத் தள்ளினாலும் அதேதான்.

கழற்றினோம். கோன் செட் புதுசு, சந்தேகமே இல்லை. கீழ்க் கிண்ணத்தை மட்டும் வெளியே எடுத்தபோது அது உட்கார்ந்திருந்த விளிம்பில் பழைய கிண்ணத்தை உளியால் தட்டி எடுத்தபோது எழும்பிய பிசிறு ஒன்று, நகத்தில் பட்டால் கீறும் அளவுக்கு நின்றது. அதன் மேலேயே புதுக் கிண்ணத்தைச் சுத்தியலால் இறக்கியிருக்கிறார்கள், ஆகவே ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்துவிட்டது. பிசிறை அரத்தால் தேய்த்து, துடைத்து, நீளமான போல்ட்டில் இரண்டு பக்கமும் தடித்த வாஷர் போட்டு இறுக்கி இறுக்கி உள்ளே இழுத்தால் கிண்ணம் கோணாமல் உட்காரும். இதற்குச் சுத்தியல் ஆகாது, எவ்வளவு பெரிய கைக்காரராக இருந்தாலும். கிரீஸில் குண்டுகளை ஒட்டவைத்து மாட்டிவிட்டு, ஹேண்டில் தன் எடையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழும்வரை இறுக்கினோம். ரொம்ப இறுக்கினால் மெதுவாகப் போகும்போது வண்டி நேராகவே போகாது, குடித்தவன் மாதிரி தேடித் தேடிப் போகும். இப்போது குண்டுகளுக்குப் பதிலாகப் போடும் டேப்பர் ரோலர் பேரிங் செட் கிடைக்கிறது, நல்லதுதான், ஆனால் அதை மாட்டுபவர்கள் பலர் இறுக்குவதில் தாராளமாக இருந்து இந்தச் சிக்கலைக் கூடவே மாட்டிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்தேன். சாருக்கு இது பிடிக்கவில்லை, "எல்லாத்தையும் ஒரே அடியா பண்ணிட்டுப் பார்த்தா என்ன தம்பி?" என்றார். பண்ணலாம். ஆட்டம் நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது, நிற்காவிட்டால் எது மிச்சம் என்று தெரியாது. அவர் கேட்டதில் இன்னொரு நியாயமும் இருந்தது: இப்படி ஓட்டிப் பார்க்கிற நேரத்துக்கு நான் என்ன பில் போடுவது? புது ஃபோர்க் செட்டைக் கையில் காட்டினால் ஆயிரக்கணக்கில் மறுபேச்சில்லாமல் கொடுப்பவர்கள், "அரை நாள் பார்த்தேன்" என்றால் "பார்த்ததுக்கா?" என்பார்கள். கோன் செட் பதில் இத்தனை பரவலாக இருப்பதற்குத் திறமைக் குறைவு பாதிதான் காரணம், இந்தக் கணக்கு மீதி. நான் இப்போதெல்லாம் முதலிலேயே பார்க்கிற கூலி இவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். சிலர் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், போகட்டும்.

முன்பக்கம் முடிந்தும் ஒரு துளி உதறல் மிச்சம் இருந்தது. நூல் பிடித்தோம். பின் டயரின் இரண்டு பக்கமும் நூலைத் தொடுத்து முன்னால் இழுத்தால், நூலுக்கும் முன் டயருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். இங்கே வரவில்லை. செயின் இழுத்தவர் பின் ஆக்சிலின் இரண்டு பக்க அட்ஜஸ்டர் கேமிலும் ஒரே எண்ணிக்கையில் பல் நகர்த்தியிருக்கிறார், முறைப்படி சரிதான், ஆனால் இத்தனை வருஷத்து வண்டியில் இரண்டு பக்கத் தேய்மானமும் ஒன்றாக இருக்காது. பல்லை எண்ணாமல் நூலைப் பார்த்து வைத்தோம். நான் முன்னால் சொன்ன விதிவிலக்கு இதுதான்: குறை பின்னால், உதறல் முன்னால். கூடவே, முன் மட்கார்டைத் தாங்கும் ஸ்டே கம்பியின் நட்டுகளில் சில இல்லை. அந்த மட்கார்டும் ஸ்டேயும் சேற்றுக்காக மட்டும் இல்லை, இரண்டு ஃபோர்க் கால்களையும் ஒன்றாகப் பிடித்து வைப்பதும் அதுதான். ஸ்டைலுக்காக அதை வெட்டிவிட்டு வருகிறவர்களிடம் நான் வாயைக் கொடுப்பதில்லை.

ஃபோர்க் பெண்டே இல்லை. எப்போதோ விழுந்ததில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது, கிளாம்பு போல்ட்டுகளைத் தளர்த்தி, நேராக்கி, அமுக்கி அமுக்கி விட்டு இறுக்கியதும் சரியாயிற்று.

கடைசியாகப் பெட்டி. கேரியருக்கும் பின்னால் தள்ளி மாட்டிய பெரிய பெட்டி, உள்ளே மோட்டார் ரிப்பேர் சாமான், குழாய் ரெஞ்ச், என்னென்னவோ. பின் ஆக்சிலுக்கு அப்பால் தொங்கும் எடை முன் சக்கரத்தைத் தூக்கிக்கொடுக்கும், தூக்கிய சக்கரத்துக்குத் தரையின் பிடி குறையும். பெட்டி இல்லாமல் ஓட்டினால் இரண்டு கையையும் விட்டாலும் ஹேண்டில் அசையவில்லை. பெட்டியோடு ஓட்டினால் லேசாக ஒரு சிலிர்ப்பு. உதறல் வந்தால் ஹேண்டிலை முறுக்கிப் பிடிக்கவோ முன் பிரேக்கை அழுத்தவோ வேண்டாம், முழங்காலால் டேங்கைக் கட்டிக்கொண்டு வேகத்தை மெதுவாக விடுங்கள் என்று சொன்னேன். புதிதாக உட்கார்ந்த கோன் கொஞ்சம் இளகும், ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் வந்து ஒருமுறை இறுக்கிக்கொண்டு போங்கள் என்றும் சொன்னேன்.

இறுக்கிக்கொள்ள வந்தார், பெட்டியோடுதான் வந்தார். "கனமானதை எல்லாம் சீட்டுப் பக்கமா பைல போட்டுக்கங்க சார்" என்றதற்கு, "பையில போட்டா மழைல நனையும் தம்பி, நான் ரெண்டு கையும் வெச்சே ஓட்டிக்கிறேன்" என்றார். சரி என்று இறுக்கிக் கொடுத்து அனுப்பினேன்.