டூ வீலர் பிராக்டிக்கலில் அதிர்வு கேள்வி வந்தால்

ஐடிஐ டூ வீலர் மெக்கானிக் பிராக்டிக்கலில் முதல் தடவை நான் ஃபெயில். காரணம் ஒரு பழைய புல்லட் 350. "இன்ஜின் அதிர்வு அதிகம், காரணம் கண்டுபிடி." இவ்வளவுதான் ஜாப். ஸ்டார்ட் செய்து பார்த்தால் மிரரில் பின்னால் நிற்பவன் முகம் இரண்டாகத் தெரிந்தது. உள்ளேதான் ஏதோ போயிருக்கிறது என்று டேங்கை இறக்கி, இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வரைக்கும் கழற்றிப் போட்டேன். பிஸ்டன் நன்றாக இருந்தது, வால்வும் நன்றாக இருந்தது. திரும்பப் பூட்டத்தான் நேரம் இல்லை.

கோளாறு ஹெட் ஸ்டெடியில் இருந்தது. ஹெட்டை ஃபிரேமோடு பிடித்து நிறுத்தும் சின்ன பிராக்கெட். அதன் போல்ட் விரலாலேயே சுழன்று வந்தது. "பரவாயில்லையே, சுலபமாக வருதே" என்று சந்தோஷப்பட்டு டிரேயில் போட்டவன் நான்தான். விடையைக் கையாலேயே கழற்றி வைத்துவிட்டு, உள்ளே தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஆறு மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் நின்றேன். மேஸ்திரி கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "இன்னாடா, நாடி பாக்காமயே ஆபரேஷன் பண்ணிட்ட?"

எங்கள் பக்கம் பரீட்சை எழுதுகிறவர்கள் பழைய புல்லட்டை எதிர்பார்த்தே போகலாம். 1955-இல் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் செய்த வண்டி அது. 346 சிசி, ஒற்றை சிலிண்டர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), அதிர்வைச் சரிக்கட்டும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. ஆடத்தான் செய்யும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஏன் என்று கேட்பார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகிற விசையை ஃபிளைவீலில் உள்ள எதிர் எடை ஓரளவுக்குத்தான் சரிக்கட்டும். எடையை ஏற்றி மேல்-கீழ் ஆட்டத்தை முழுசாக நிறுத்தப் பார்த்தால், அது முன்-பின் ஆட்டமாக மாறிவிடும். இதைச் சொன்னால் எக்ஸாமினர் நிமிர்ந்து உட்காருவார்.

அதனால் முதல் கேள்வி "ஆடுதா?" என்பதல்ல, "புதுசா ஆடுதா?" என்பது. எக்ஸாமினரை வண்டிக்காரராக நினைத்து வெட்கப்படாமல் கேளுங்கள். எப்போதிலிருந்து, எந்த வேகத்தில், ஹேண்டில்பாரிலா ஃபுட்ரெஸ்ட்டிலா. ஓடும்போது ஆக்சிலேட்டரை விட்டு கிளட்சைப் பிடித்தால் நிற்கிறதா? நின்றால் இன்ஜின் பக்கம். நிற்காமல் வண்டி வேகத்தோடு சேர்ந்து வந்தால் வீல், டயர் பக்கம். இழுக்கும்போது மட்டும் என்றால் செயின், ஸ்ப்ராக்கெட், பின் ஹப்பில் உள்ள ரப்பர். பதில்களை ஜாப் ஷீட்டில் எழுதிவிட்டே வண்டியைத் தொடுங்கள். கை வேலை பாதியில் நின்றாலும் யோசித்த வழி தாளில் இருக்கும்.

அடுத்து, உதறலையும் அதிர்வையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சைலன்சர் வாய்க்குப் பின்னால், சுடாத தூரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்று சீராகக் குத்தாமல் நடுநடுவே விட்டுப்போனால் அது மிஸ்ஃபயர், பெட்ரோல் சில தடவை எரியாமல் போவது. பிளக்கைப் பாருங்கள், பிளக்குக்குப் பொறி வரவைக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள்.

சீராகக் குத்துகிறது, ஆனாலும் ஆடுகிறது என்றால் மவுண்டிங், அதாவது இன்ஜினை ஃபிரேமில் பூட்டும் இடங்கள். இந்த வண்டியில் இன்ஜினுக்குக் கீழே தொட்டில் மாதிரி ஃபிரேம் ஓடாது. முன் குழாய்க்கும் பின் பக்கத்துக்கும் நடுவில் இன்ஜினே பாலமாக நிற்கிறது. ஒரு போல்ட் தளர்ந்தாலும் மொத்த வண்டியும் சொல்லிவிடும். இன்ஜின் ஓடும்போது கட்டைவிரலைப் பாதி பிராக்கெட்டிலும் பாதி ஃபிரேமிலும் படும்படி இணைப்பின்மேல் வையுங்கள். இறுக்கமாக இருந்தால் இரண்டும் ஒன்றாக அதிரும். தளர்ந்திருந்தால் நடுவில் ஒரு நுணுக்கமான தேய்ப்பு, மணல் நெருடுவதுபோல. வாஷரைச் சுற்றிக் குங்குமம் கொட்டியதுபோல் செந்தூள் இருக்கும். இரும்போடு இரும்பு உரசி வந்த துரு அது. காசிமேட்டு உப்புக்காற்றில் பிடிக்கும் துரு வேறு. அது போல்ட் முழுக்கப் படியும், இது இணைப்பின் விளிம்பிலிருந்து மட்டும் கசியும். எண்ணெய்க் கசிவு இருந்தால் கறுப்புச் சேறாகிவிடும், துணியால் துடைத்துப் பாருங்கள்.

இரண்டாவது தடவையும் புல்லட்தான். முன் மவுண்டிங்கில் செந்தூள்.

"நேரா இறுக்கிடவா?" என்று எக்ஸாமினரே தூண்டில் போட்டார். இல்லை சார், எல்லா மவுண்டிங்கையும் தளர்த்தி, இன்ஜினை அதன் போக்கில் உட்காரவிட்டு இறுக்க வேண்டும், ஹெட் ஸ்டெடி கடைசி, இடைவெளி இருந்தால் வாஷர் போட்டு நிரப்ப வேண்டும், இழுத்துப் பிடித்தால் பிராக்கெட் வெடிக்கும் என்றேன். சொன்னபடியே செய்தேன்.

அவர் ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தார். குனிந்து மிரரைப் பார்த்தார், மீசையை ஒதுக்கிக்கொண்டார், பேனாவை எடுத்தார்.