ஸ்வீடன் ஓரியன்டீரிங் கேம்ப்புக்கு இந்திய பாஸ்போர்ட்டோட பொண்ண அனுப்பின கதை

பொண்ணுக்கு 16 வயசு, இங்கிலாந்துல லீட்ஸ்ல இருக்கோம், நாலு வருஷமா ஓரியன்டீரிங் (மேப்பும் காம்பஸும் வச்சு காட்டுல வழி கண்டுபுடிச்சு ஓடற விளையாட்டு) ஓடிட்டு இருக்கா. இந்த வருஷம் ஜூலை கடைசில கோத்தன்பர்க் பக்கத்துல ஒரு வார ட்ரெயினிங் கேம்ப்புக்கு செலக்ட் ஆனா. வீட்ல ஒரே கொண்டாட்டம், ஸ்வீட்லாம் கொடுத்தாச்சு. கோச் அனுப்பின மெயில்ல ஷூ, விசில், ஸ்லீப்பிங் பேக், உண்ணி எடுக்கற கருவி வரைக்கும் லிஸ்ட் இருந்துச்சு, விசான்னு ஒரு வார்த்தை இல்ல. ஏன்னா டீம்ல மத்த எல்லாரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். நாங்க ஐஎல்ஆர், அதாவது பிரிட்டன்ல நிரந்தரமா தங்க அனுமதி இருக்கு, ஆனா பாஸ்போர்ட் இந்தியா. ஷெங்கன் விசா (ஸ்வீடன் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கு பொதுவான விசா) வேணும்னு நான் சொன்னதும் கோச் பாவம் "ஓ, அப்படியா?"ன்னாரு. அவருக்கு அதுவரைக்கும் இந்த கேள்வியே வந்ததில்ல.

ஷெங்கனுக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், நான் பண்ணது மே கடைசில. மொத தப்பு அதுதான். சம்மர்ல ஸ்லாட் கிடைக்கறது தட்கல் டிக்கெட் மாதிரி, காலைல எந்திரிச்சு ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருக்கணும். ஜூன் நடுவுல லண்டன் விசா சென்டர்ல ஒரு ஸ்லாட் கிடைச்சுது.

அப்பாயின்ட்மென்ட்டுக்கு பத்து நாள் முன்னாடி சும்மா அவ இ-விசா அக்கவுன்ட்ட (பிரிட்டன்ல தங்கற அனுமதிய காட்டற ஆன்லைன் அக்கவுன்ட்) தொறந்து பாத்தா பழைய பாஸ்போர்ட் நம்பர் இருக்கு! மார்ச்ல ரினியூ பண்ணினோமே, சின்னப் பசங்களுக்கு அஞ்சு வருஷ பாஸ்போர்ட்தானே, புது நம்பர நாமளேதான் போய் மாத்தணுமாம், அதுவா மாறாது. உடனே மாத்திட்டேன், மாறி வர சில நாள் ஆச்சு. இது மட்டும் அங்க போய் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே திரும்பி இருக்க வேண்டியதுதான். (எப்படியும் திரும்பிதான் வந்தோம், அது வேற கதை.)

காலைல ஆறு மணி ட்ரெயின், ஸ்கூலுக்கு லீவு, ரெண்டு பேருக்கும் டிக்கெட் காசு. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ஃபைல பொரட்டிட்டு மூணு விஷயம் கேட்டாங்க. ஒண்ணு, இன்விடேஷன் லெட்டர். நான் ஸ்வீடன் கிளப்ல இருந்து வந்த மெயில ப்ரின்ட் எடுத்து வச்சிருந்தேன். லெட்டர்ஹெட் இல்ல, கையெழுத்து இல்ல, எங்க தங்குவாங்கன்னு அட்ரஸ் இல்ல. ரெண்டு, அம்மாவோட சம்மதக் கடிதம். என் வொய்ஃப் மாமியார பாத்துக்க கோயம்புத்தூர் போயிருந்தாங்க, ஸ்கேன் பண்ணி அனுப்பினத வச்சேன், ஒரிஜினல் வேணும், அதுவும் நோட்டரி பண்ணினதுன்னுட்டாங்க. மூணாவதுதான் எனக்கு இன்னும் எரியுது. "உங்க சர்நேம் வேற, உங்க மனைவி சர்நேம் வேற, பொண்ணு சர்நேம் வேற, இவங்க உங்க பொண்ணுதானா?"

நம்ம ஊர்ல எனக்கு எங்கப்பா பேரு, வொய்ஃபுக்கு அவங்கப்பா பேரு, பொண்ணுக்கு என் பேரு. எனக்கு முன்னாடி இருக்கற பேருதான் அவளுக்கு பின்னாடி இருக்குன்னு பாஸ்போர்ட்ட பக்கத்துல பக்கத்துல வச்சு விரலால காட்டினேன், அந்தம்மா தலைய ஆட்டினாங்களே ஒழிய கேட்ட மாதிரி தெரியல. பர்த் சர்டிஃபிகேட் கேட்டாங்க. அது வீட்ல, பீரோல. பாஸ்போர்ட்லயே அப்பா அம்மா பேரு இருக்கேன்னு நினைச்சு எடுத்துட்டு வரல. இதுல தப்பு என்மேலதான், ஆனா கேட்ட விதம் இருக்கே.

திரும்பி வர்ற ட்ரெயின்ல பொண்ணு ஒரு வார்த்தை பேசல. ஜன்னல் பக்கம் திரும்பி மேப் பாத்துட்டே வந்தா.

அடுத்த ஸ்லாட் 11 நாள் கழிச்சு. அதுக்குள்ள வொய்ஃப் கோர்ட் பக்கத்துல நோட்டரிய புடிச்சு, முத்திரை போட்டு, பாஸ்போர்ட் காப்பியும் சேத்து கூரியர் பண்ணாங்க. ஸ்வீடன் கிளப்புக்கு மெயில் போட்டேன், அவங்க தங்கம், ஒரே நாள்ல கையெழுத்தோட லெட்டர் வந்துருச்சு. இன்சூரன்ஸ்லயும் ஒரு சின்ன கோளாறு, டீம் பாலிசி பேப்பர்ல 30,000 யூரோ கவர்னு தெளிவா இல்ல, அதனால தனியா ஒண்ணு எடுத்துட்டேன்.

ஒரு நல்ல விஷயம். 12 வயசுக்கு மேல ஆனா விசா ஃபீஸ் பெரியவங்க மாதிரியே 90 யூரோ. ஆனா லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தற விளையாட்டு நிகழ்ச்சிக்கு, அதே மாதிரி அமைப்பு சார்பா போற 25 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஃபீஸ் கிடையாதுன்னு ஷெங்கன் ரூல்லயே இருக்கு. யாரும் தானா சொல்ல மாட்டாங்க. நான் ரூல ப்ரின்ட் எடுத்து, எங்க கிளப், ஸ்வீடன் கிளப் ரெண்டு லெட்டர்லயும் லாப நோக்கமில்லாத அமைப்புங்கற வார்த்தைய போட சொல்லி வாங்கிட்டு போனேன். ரெண்டாவது தடவை வேற ஆளு, உள்ள போய் கேட்டுட்டு வந்து சரின்னுட்டாரு. சென்டரோட சர்வீஸ் சார்ஜ் மட்டும் கட்டினோம். ட்ரெயின் காசுல பாதி கூட மிச்சமாகல, இருந்தாலும் அன்னைக்கு எனக்கு மெடல் வாங்கின மாதிரி இருந்துச்சு.

பாஸ்போர்ட் ஃப்ளைட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்துச்சு. 15 நாள்னு சொல்வாங்க, 45 வரைக்கும் போகலாம்னும் ரூல்ல இருக்கு, அத ராத்திரி ரெண்டு மணிக்கு படிக்காதீங்க.

இந்த கூத்துல இன்னொரு தப்பும் பண்ணேன். பொண்ணு கட்டைவிரல்ல மாட்டற காம்பஸ் புதுசு ஒண்ணு கேட்டிருந்தா. அவ வலது கை பழக்கம், அதனால ரைட் ஹேண்ட்னு போட்டிருந்தத வாங்கிட்டேன். பெட்டிய பிரிச்சு பாத்து சிரிக்கறா. மேப்பும் காம்பஸும் இடது கைல, கன்ட்ரோல்ல (காட்டுல கொடி வச்சிருக்கற இடம், அங்க போனத பதிவு பண்ணணும்) பஞ்ச் பண்ற சிப் வலது விரல்ல, அதனால வலது கைக்காரங்க பெரும்பாலும் வாங்கறது லெஃப்ட் ஹேண்ட் காம்பஸ்தான். பழசையே எடுத்துட்டு போனா. அப்புறம் உண்ணி கடிச்சு வர்ற மூளைக்காய்ச்சலுக்கு தடுப்பூசி, அது இங்க காசு கொடுத்துதான் போடணும், ரெண்டு டோஸுக்கு நடுவுல வழக்கமா ஒரு மாசமாவது வேணும், கடைசில ஓடாதீங்க.

கேம்ப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, நல்லபடியா போச்சு. மொத நாள் மட்டும் தடுமாறி இருக்கா. இங்கிலாந்து காட்டுல பாதையும் கல்சுவரும் புடிச்சே ஓடி பழகிட்டா, அங்க வெறும் பாறையும் சதுப்பும்தான், மேப் முழுக்க கருப்பும் நீலமும், அஞ்சு மீட்டர் உயரத்துக்கு ஒண்ணா போட்டிருக்கற கான்டூர் கோட்ட நம்பிதான் ஓடணும். ஒரு கன்ட்ரோலுக்கு நாப்பது நிமிஷம் சுத்திருக்கா, பாறைக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு அந்தப் பக்கம் இருந்த ஆரஞ்சு கொடிய பாக்கலயாம். மூணாவது நாள்ல புடிச்சுட்டா. கணுக்கால்ல ஒரு உண்ணி, அதையும் அவளே எடுத்துட்டா.

விசா சிங்கிள் என்ட்ரி, கேம்ப் நாளோட முடிஞ்சுது. போன வாரம் அடுத்த வருஷ ஃபின்லாந்து கேம்ப்புக்கு கோச் மெயில் போட்டாரு. இன்விடேஷன் லெட்டர்ஹெட்ல, கையெழுத்தோட, தங்கற இடத்து அட்ரஸோட வந்திருக்கு. நான் கேக்கவே இல்ல.